வானத்தில் ஸ்கூட்டரைச் சாய்க்க முடியாது

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலை நடைக்கு வரும் எங்கள் கோஷ்டியில் ஆறு பேர். மூன்று சுற்று நடை, பிறகு பெஞ்சில் உட்கார்ந்து அரை மணி நேரம் வாக்குவாதம். சென்ற வாரம் எங்களில் ஒருவர், வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோவைக் காட்டினார். ஓர் இளைஞர் தகரக் கொட்டகையில் தானே செய்த குட்டி விமானம், வயல்வெளியில் ஓடி, ஒரு தென்னை மர உயரம் எழும்பி, இறங்கியது. சுற்றி நின்றவர்கள் விசிலடித்தார்கள்.

"பாருங்க சார், நல்ல இன்ஜின் மட்டும் கிடைச்சு, கவர்மென்ட்டும் குறுக்கே நிக்காம இருந்தா நம்ம பசங்க எப்பவோ பறந்திருப்பாங்க. ரோட்டரி இன்ஜின்னு ஒண்ணு இருக்காமே, பிஸ்டனே கிடையாதாம். அதை வாங்கி மாட்ட வேண்டியதுதானே?" என்றார்.

"அது சரி, அந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் எப்படிப் போகும்?" என்று கேட்டேன்.

"குழாயில தான் போகும். இதென்ன சார் கேள்வி?"

ஐந்து பேரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து காபி குடித்த பிறகும் அந்தச் சிரிப்பு போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் காரமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் விமானி அல்ல. விமானப் படையிலும் இருந்ததில்லை. 31 வருடம் ஒரு தொழிற்சாலையில் எரிபொருள் பம்புகளைக் காலிபரேஷன் செய்தவன். ஓய்வுக்குப் பிறகு சில வருடம் ஒரு பொறியியல் கல்லூரியில் பட்டறை பயிற்றுநராக இருந்தேன். சேலையூரில் வீடு கட்டிக்கொண்டு வந்து 40 வருடத்துக்கு மேல் ஆகிறது. தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேல் சுற்றாத நாள் குறைவு. இந்த வாழ்க்கையில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். "இன்ஜின் நின்றுவிட்டது" என்று சொல்லப்படும் இடங்களில் பல தடவை இன்ஜின் குற்றவாளியே அல்ல. அதற்குச் சோறு போகவில்லை, நின்றுவிட்டது.

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பஜாஜ் சேட்டக் வைத்திருந்தவர்கள் கை தூக்குங்கள். பாதி வழியில் ஸ்கூட்டர் நின்றால் என்ன செய்வோம்? குழாயை ரிசர்வுக்குத் திருப்புவோம். அதற்கும் மசியாவிட்டால் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து, நிமிர்த்தி, உதைப்போம். உயிர் வந்துவிடும். இன்ஜினில் எந்தக் கோளாறும் இல்லை, டேங்கின் மூலையில் கிடந்த பெட்ரோலைக் குழாய் வாய்க்குக் கொண்டுவந்தோம், அவ்வளவுதான். ஜி.எஸ்.டி. ரோட்டில் அதைச் செய்யலாம். 2,000 அடி உயரத்தில் யார் இறங்கி நின்று சாய்ப்பது?

சொந்தக் கையால் விமானம் கட்டும் ஆசை நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1910 மார்ச் மாதம், நம் பல்லாவரத்தில், சென்னை மாநகரம் தன் முதல் விமானத்தைப் பார்த்தது. கட்டியவர் ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ். கோர்சிகா தீவிலிருந்து வந்து மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்தியவர். 1909இல் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தி அவரை ஆட்டிவைத்தது. தானே வரைந்து, சிம்ப்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவரின் துணையோடு இரட்டை இறக்கை விமானம் ஒன்றைச் செய்தார். பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, பிறகு தீவுத்திடலில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஜனங்களுக்குக் காட்டினார். ஹோட்டல்காரர் அல்லவா!

ஆகவே "நம் பசங்களால் முடியுமா" என்பது என் கேள்வியே அல்ல. குரோம்பேட்டையில் 1949 முதல் எம்.ஐ.டி. இருக்கிறது. அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த இடம். ஆசை, படிப்பு, பட்டறை மூன்றும் ஒரே ரயில் பாதையில் வரிசையாக இருக்கின்றன. இல்லாதது வேறு.

முதலில் ரோட்டரி இன்ஜின் பற்றி ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இந்தப் பெயரில் இரண்டு சாதனங்கள் உண்டு. முதல் உலகப் போர் விமானங்களில் இருந்த "நோம்" போன்றவை ஒரு வகை. அதில் நடுத்தண்டு அசையாது, சிலிண்டர்கள் எல்லாம் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். சுற்றும் சிலிண்டருக்குப் பெட்ரோல் குழாயை எப்படி மாட்டுவது? அசையாத அந்த நடுத்தண்டைக் குடைந்து, அதன் வழியாகவே பெட்ரோலையும் எண்ணெயையும் உள்ளே விட்டார்கள். எண்ணெய் என்றால் நம் விளக்கெண்ணெய். அது பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். புகையோடு வெளியே வந்து விமானியின் முகத்தில் அப்பியது. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை நமக்குப் புகட்டப்பட்டதுபோல அவர்களுக்குத் தினமும். அந்தக் காலத்திலேயே இன்ஜினை வரைந்தவர்கள் பெட்ரோலின் வழியை முதலில் யோசித்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

மேனேஜர் சொன்னது இரண்டாவது வகை. ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வான்கெல் கண்டுபிடித்து, 1957இல் என்.எஸ்.யூ. கம்பெனியில் முதலில் ஓடியது. முக்கோண வடிவச் சுழலி ஒன்று, நடுவில் இடுங்கிய ஒரு கூட்டுக்குள் சுற்றும். பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. சுழலி ஒரு சுற்று முடிப்பதற்குள் தண்டு மூன்று சுற்று சுற்றிவிடும். ஜப்பானின் மாஸ்டா கம்பெனி 1967 முதல் இதைக் கார்களில் போட்டது. 1991இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை இந்த வகை இன்ஜினோடு வென்றது. வெளிநாடுகளில் சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களில் ஒரு சாரார் மாஸ்டாவின் 13பி என்ற இரட்டைச் சுழலி இன்ஜினை வாங்கி மாட்டுகிறார்கள். காரணம் நியாயமானது. சின்னது, அதிர்வு குறைவு, உடைவதற்கு உறுப்புகளும் குறைவு. உள்ளே சீல் தேய்ந்தாலும் சட்டென்று இறுகி நிற்காமல், பலம் குறைந்தபடி பெரும்பாலும் வீடு வரை கொண்டுவந்து விடும்.

நம் நாட்டிலும் இதைச் செய்திருக்கிறோம். ராணுவத்துக்கான ஆளில்லா விமானம் "நிஷாந்த்"துக்காக 55 குதிரைசக்தி வான்கெல் இன்ஜின் ஒன்று இங்கேயே உருவானது. எடை சுமார் 30 கிலோ. 2009 ஏப்ரல் 5ஆம் தேதி கர்நாடகத்தின் கோலார் அருகே அது நிஷாந்தைப் பறக்க வைத்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி, வேலையை அவர்கள் பங்கிட்ட விதம். இன்ஜினின் உள்ளுறுப்புகளைப் பெங்களூரு என்.ஏ.எல். ஆய்வகம் செய்தது. பறக்கவிட்டுச் சோதித்தது அங்கேயே உள்ள ஏ.டி.இ. இக்னிஷனும் எரிபொருள் அமைப்பும் மட்டும் அகமதுநகரில் உள்ள ராணுவ வாகன ஆராய்ச்சி நிறுவனத்தின் பொறுப்பு. ஆள் ஏறாத விமானம், வெறும் 55 குதிரைசக்தி. அதற்கே பெட்ரோல் வழியைப் பார்க்க ஒரு தேசிய நிறுவனம் தேவைப்பட்டது. எங்கள் பெஞ்சில் "குழாயில தான் போகும்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டோம்.

அந்தக் குழாயில் அப்படி என்ன இருக்கிறது? தென் சென்னைப் புறநகர்வாசிகளுக்கு இதைப் புரியவைப்பது மிக எளிது. நாம் எல்லோரும் போர்வெல்லோடு குடும்பம் நடத்துகிறவர்கள். மேலே உட்கார்ந்து உறிஞ்சும் மோட்டார் தண்ணீரை 25 அடி ஆழத்துக்குக் கீழே இருந்து எடுக்கத் திணறும். அதனால்தான் நீர்மட்டம் இறங்க இறங்க எல்லோரும் சப்மெர்சிபிளுக்கு மாறினோம். அது அடியில் உட்கார்ந்து மேலே தள்ளுகிறது. உறிஞ்சுவது கஷ்டம், தள்ளுவது சுலபம். பெட்ரோலுக்கு இந்த விதி இன்னும் கறார். காரணம், பெட்ரோல் தண்ணீரைப் போலச் சாது அல்ல. கொஞ்சம் சூடு, கொஞ்சம் உறிஞ்சல் இரண்டும் சேர்ந்தால் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகிவிடும்.

கணக்கைப் பாருங்கள். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல். 10,000 அடியில் அது சுமார் 70. வண்டிகளுக்குப் போடும் பெட்ரோலின் ஆவி அழுத்தம் 38 டிகிரி சூட்டில் 60 வரை இருக்கலாம். மே மாதம் தாம்பரத்தில் வெயிலில் நிற்கும் விமானத்தின் இறக்கை டேங்கில் 38 டிகிரி ஒரு பொருட்டே அல்ல. ஆக, மேலே போனபின் மிச்சம் இருக்கும் விளிம்பு வெறும் 10. அந்த நேரத்தில் பம்ப் இன்ஜின் அருகே மேட்டில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு வளைவு, ஒரு ஃபில்டர், ஒரு வால்வு தாண்டி உறிஞ்சினால் வருவது பெட்ரோல் அல்ல, ஆவி. நம் வீட்டில் இதற்குப் பெயர் ஏர் லாக். மோட்டார் உய்யென்று ஓடும், தண்ணீர் வராது. நாம் மாடிக்கு ஏறிப்போய்க் குழாயைத் தட்டுவோம். வானத்தில் ஏறுவதற்கு மாடி இல்லை.

ரோட்டரி இன்ஜினில் இந்தச் சங்கடம் கூடுதல். அதன் புகைக்குழாய்ச் சூடு 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகும். இன்ஜின் அறை முழுக்க அடுப்பு. போதாதற்கு இந்த இன்ஜின் பசிக்காரன். 13பி முழு பலத்தில், 180 குதிரைசக்தி கொடுக்கும்போது, நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும். இரண்டு அரை லிட்டர் ஆவின் பாக்கெட்டை ஒரு நிமிடத்துக்குள் கத்தரித்து ஊற்றிக்கொண்டே இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாக்கெட் தாமதமானால்கூடப் பொறுக்காது.

அடுத்தது திரும்பு குழாய். இது பலரும் தடுக்கி விழும் இடம். மாஸ்டா காரில் ஒரே டேங்க். மின்சார பம்ப் தேவைக்கு மேல் தள்ளும். எரிந்தது போக மீதி அதே டேங்குக்குத் திரும்பிவிடும். விமானத்தில் இடது இறக்கையில் ஒன்று, வலது இறக்கையில் ஒன்று என்று இரண்டு டேங்க். காரின் அமைப்பை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து, திரும்பு குழாயை இடது டேங்கில் மாட்டிவிட்டார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். விமானி வலது டேங்கைத் திறந்து பறக்கிறார். அதில் 70 லிட்டர். இன்ஜின் எரிப்பது மணிக்கு 40 லிட்டர். ஒன்றே முக்கால் மணி நேரம் வரும் என்று நம்பிக்கையோடு உட்கார்ந்திருக்கிறார். ஆனால் பம்ப் உறிஞ்சுவது மணிக்கு 150 லிட்டர். 40 போக 110 லிட்டர் இடது டேங்குக்குப் போகிறது. இடது டேங்க் ஏற்கனவே நிரம்பியிருந்தால் காற்றுக்குழாய் வழியாக வெளியே வானத்தில் கொட்டும். வலது டேங்க் 28 நிமிடத்தில் காலி. பெருக்கல் வகுத்தல் தெரிந்த எவரும் போடக்கூடிய கணக்கு. போடாமல் விட்டால் ஆள் போய்விடும்.

இதற்கு வழி உண்டு. ஒரே கைப்பிடியில் போகும் குழாயையும் வரும் குழாயையும் சேர்த்துத் திருப்பும் இரட்டை வால்வு ஒன்று. இல்லையென்றால் நடுவில் ஒரு சின்ன டேங்க் வைத்து, பம்பும் திரும்பு குழாயும் அதோடு மட்டும் பேசும்படி செய்யலாம். அப்போதும் சூடாகித் திரும்பும் பெட்ரோலின் ஆவி அந்தச் சின்ன டேங்கின் உச்சியில் சேராமல், பெரிய டேங்குக்குப் போக ஒரு வழி விட வேண்டும். இந்த இன்ஜினில் பம்பும் மின்சாரம், ஊசியும் மின்சாரம். மின்சாரம் போனால் பெட்ரோலும் போகும். ஆகவே இரண்டு பம்ப், இரண்டுக்கும் தனித்தனி மின் இணைப்பு. ஒரே ஃப்யூஸில் இரண்டு பம்பையும் மாட்டுவது ஒரு பம்ப் வைத்திருப்பதற்குச் சமம்.

காற்றுக்குழாயை மறந்துவிடக் கூடாது. டேங்கிலிருந்து ஒரு லிட்டர் வெளியே போனால் ஒரு லிட்டர் காற்று உள்ளே வர வேண்டும். நம் ஊரில் மண் குளவி என்று ஒரு ஜீவன் உண்டு. இரண்டு நாள் வெளியூர் போய்வந்தால் சாவித் துவாரத்தில் கூடு கட்டியிருக்கும். விமானத்தின் காற்றுக்குழாய் அதற்கு அரண்மனை. வெளிநாட்டு வரைபடத்தைப் பார்த்துக் கட்டும் பையனுக்கு இதைச் சேலையூர்க்காரன்தான் சொல்ல வேண்டும்.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. பங்கில் நாம் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். 2023 பிப்ரவரியில் தொடங்கி, 2025க்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. கரும்பு விவசாயிக்கு நல்லது, இறக்குமதி குறையும் என்பதெல்லாம் இருக்கட்டும். விமானம் கட்டுகிறவர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். சாதாரணப் பெட்ரோலில் தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்த்தால் தெரியும். எத்தனால் கலந்ததில் அது கரைந்து மறைந்துவிடும். மேலே போய்க் குளிர்ந்ததும் பிரிந்து, எத்தனாலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அடியில் இறங்கும். பெட்ரோல் எடுக்கும் குழாய் வாயும் அடியில்தான். சில வகை ரப்பர் குழாய்களையும், கண்ணாடியிழை டேங்கில் பூசும் சில பிசின்களையும் அது இளக்கும். விமானம் கட்டுகிறவர்கள் பரவலாக மாட்டும் ரோட்டாக்ஸ் 912 இன்ஜினுக்கு அதன் கம்பெனி அனுமதிப்பது 10 சதவீத எத்தனால் வரைதான். ரோட்டரி இன்ஜின் எதையும் எரிக்கும் என்று பெருமை பேசுவார்கள். உண்மைதான், ஆனால் எரிப்பது இன்ஜின். வழியில் இருக்கும் வாஷர் அதைத் தாங்க வேண்டாமா? விமானத்துக்கென்றே உள்ள ஏவ்கேஸ் பெட்ரோலை இந்தியன் ஆயில் 2022 முதல் வடோதராவில் தயாரிக்கிறது. ஆனால் அதைத் தெரு முனைப் பங்கில் வாங்க முடியாது.

"நீங்க எதையாவது பயமுறுத்திட்டே இருப்பீங்க" என்று மேனேஜர் சொல்வது காதில் விழுகிறது. கற்பனையில் பயமுறுத்தவில்லை. நம் தலைக்கு மேலேயே பறந்த ஒன்றைச் சொல்கிறேன்.

விமானப்படையின் எச்.பி.டி-32 தீபக் பயிற்சி விமானம் நினைவிருக்கிறதா? அதன் இன்ஜின் அமெரிக்காவின் லைகாமிங். உலகமெங்கும் அதே குடும்பத்து இன்ஜின்கள் தலைகீழாகக் குட்டிக்கரணம் போடும் விமானங்களை இழுக்கின்றன. ஆனால் இந்த விமானத்தில் மட்டும் நடுவானில் இன்ஜின் நிற்பது தீராத நோயாக இருந்தது. எரிபொருள் வரும் வழி பற்றிய சந்தேகம் திரும்பத் திரும்ப எழுந்தது. 17 விபத்துகள், 19 விமானிகள் பலி. 2009 ஜூலை 31 அன்று ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்தில் இரண்டு விமானிகள் இறந்த பிறகுதான் அத்தனை விமானங்களையும் தரையில் நிறுத்தினார்கள். நல்ல இன்ஜின் வாங்கி மாட்டினால் போதும் என்கிறவர்கள் இந்த 19 பேரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளட்டும். பெரிய தொழிற்சாலை கட்டிய விமானத்துக்கே இந்தக் கதி என்றால் கொட்டகையில் கட்டுவது எம்மாத்திரம்?

வெளியூர்க் கதையும் ஒன்று. அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர். சொந்தமாகக் கட்டப்படும் லாங்-ஈஸி வகை விமானம் ஒன்றைப் பழையதாக வாங்கினார். மூல வரைபடத்தில் டேங்க் மாற்றும் வால்வு விமானியின் கால்களுக்கு நடுவே இருந்தது. கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். 1997 அக்டோபர் 12 அன்று, குறைந்த பெட்ரோலோடு கிளம்பிய டென்வர், பறக்கும்போது டேங்க் மாற்றத் திரும்பிப் பார்த்துக் கையை வளைத்ததில் கட்டுப்பாட்டை இழந்தார் என்றுதான் விசாரணையில் முடிவானது. விமானம் கடலில் விழுந்தது. இன்ஜின் நல்ல இன்ஜின்தான். ஒரு குழாய்த் திருகின் இடம் மாறியது.

இனி என் சொந்த மனக்குறை. நான் வேலை பார்த்த கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்கள் நான்கு பேர், பொம்மை விமானத்துக்கான ஒரு சின்ன வான்கெல் இன்ஜினை எங்கிருந்தோ வரவழைத்து ஆளில்லா விமானம் ஒன்று செய்தார்கள். மூன்று பேர் இறக்கை, இன்ஜின், ரிமோட் என்று எடுத்துக்கொண்டார்கள். நான்காவது பையன் படப்பை பக்கத்திலிருந்து வருகிறவன், அப்பா பிளம்பர். "உனக்குத்தான் குழாய் வேலை தெரியுமே" என்று சிரித்தபடி டேங்கையும் டியூபையும் அவன் தலையில் கட்டினார்கள். அவன் என்னிடம் வந்து, "சார், மூக்கு மேல தூக்கினா பெட்ரோல் பின்னாடி ஓடிடும். டியூப் வாய் முன்னாடி இருக்கு. இதை மாத்தணும் சார்" என்றான். நான் பொறுப்புப் பேராசிரியரிடம் சொன்னேன். "டிசைன் ரிவ்யூ முடிஞ்சிடுச்சு, இப்ப மாத்த வேண்டாம்" என்றார்.

வண்டலூர் தாண்டி ஒரு காலி மனையில் சோதனை. தரையில் இன்ஜின் அருமையாக உறுமியது. மூக்கைத் தூக்கி 40 அடி ஏறியதும் சத்தம் நின்றது. விழுந்து நொறுங்கியது. மாற்ற வேண்டியிருந்தது 40 ரூபாய் டியூபும், அதன் முனையில் கட்டும் ஒரு சின்னக் குண்டும்தான். அறிக்கையில் "ரோட்டரி இன்ஜினின் நம்பகமின்மை" என்று எழுதினார்கள். வைவாவில் நாலு பேரில் குறைந்த மார்க் அந்தப் பையனுக்கு. காரணம் கேட்டேன். "அவன் பண்ணது வெறும் பிளம்பிங் தானே சார்" என்றார்கள். நான் அன்று இன்னும் உரக்கச் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அந்தக் குறை என்னுடையது.

நோய் இங்கேதான் இருக்கிறது என்கிறேன். இன்ஜின் என்றால் மேசை வேலை, மூளை வேலை. குழாய் என்றால் கை அழுக்காகும் வேலை, யாராவது செய்துவிடுவார்கள். யார் கை அழுக்காக வேண்டும் என்பதில் நம் ஊருக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு; விரித்துச் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். அந்தக் கணக்கு நிலத்தில் அநியாயமாக இருக்கிறது. வானத்தில் அது ஆளையே கொல்லும்.

அரசு தடுக்கிறது என்கிற வாதத்தையும் நான் ஒதுக்கவில்லை. மும்பையில் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டிய விமானி அமோல் யாதவ், பதிவுச் சான்றிதழுக்காக வருடக்கணக்கில் அலைந்து 2017 நவம்பரில்தான் பெற்றார். அது நியாயமல்ல, மாற வேண்டும். ஆனால் நாளைக் காலையே அனுமதி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் எதைக் காட்டி அனுமதி கேட்போம்? விசிலடிக்கும் வீடியோவையா?

காட்ட வேண்டியது ஒரு பக்கெட் சோதனை. விமானத்தின் வாலைத் தாழ்த்தி, ஏறும்போது இருக்கும் கோணத்தில் நிறுத்துங்கள். டேங்கில் குறைந்தபட்சப் பெட்ரோல் மட்டும் இருக்கட்டும். இன்ஜின் வாயில் குழாயைக் கழற்றி, வேலை செய்யும் அழுத்தத்திலேயே, அளவு போட்ட பாத்திரத்தில் விடுங்கள். அமெரிக்க விமான விதி பல காலம் சொல்லிவந்த அளவு இதுதான்: பம்ப் மூலம் என்றால் முழு பலத்தில் இன்ஜின் குடிப்பதைப் போல 125 சதவீதம் வர வேண்டும், பம்ப் இல்லாமல் தானாக இறங்கி வருவது என்றால் 150 சதவீதம். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் குடிக்கும் 13பிக்கு ஒன்றேகால் லிட்டர். ஒரு டேங்க், மற்றொரு டேங்க், ஒரு பம்ப், மற்றொரு பம்ப் என்று நான்கு விதமாகவும் பிடித்துக் காட்ட வேண்டும். வெயிலில் மூன்று மணி நேரம் நிறுத்திவிட்டு மறுபடியும் பிடிக்க வேண்டும். பக்கெட் நிரம்பாத விமானம் கொட்டகையை விட்டு வரக் கூடாது.

கல்லூரிகளுக்கும் ஒரு வார்த்தை. எரிபொருள் அமைப்பைக் கடைசிப் பாடமாக, பரீட்சைக்கு விட்டுவிடக்கூடிய பாடமாக வைக்காதீர்கள். வரைபடத்தில் முதல் கோடு டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகட்டும், இறக்கையைப் பிறகு வரையலாம். குழாய் போட்ட பையனுக்கு மற்றவர்களுக்குச் சமமான மார்க் போடுங்கள். சோதனைக்குப் போகலாமா வேண்டாமா என்று சொல்லும் கடைசி வார்த்தையும் அவனுடையதாக இருக்கட்டும்.

அந்தப் பையன் இப்போது ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். விமானப் பராமரிப்பு வேலை. வார இறுதிகளில் வீட்டு ஷெட்டில், இரண்டு நண்பர்களோடு சேர்ந்து, 13பி இன்ஜின் வைத்து ஒரு விமானம் கட்டுகிறான். மூன்று வருடமாக நடக்கிறது. பொங்கலுக்குக் கூப்பிட்டபோது, "எப்பப்பா பறக்கப் போற?" என்று கேட்டேன்.

"இன்ஜின் ரெடி சார், இறக்கையும் ரெடி. மூணாவது தடவையா ரிட்டர்ன் லைனைப் பிரிச்சுப் போட்டிருக்கேன். நாலு அளவுல மூணுதான் சரியா வந்தது. நாலாவது கொஞ்சம் கம்மி."

"எவ்வளவு கம்மி?"

"ஒண்ணேகாலுக்கு ஒண்ணு பத்து சார். பறக்கும், ஆனா மாட்டேன்."

நாளைக் காலை ஏரிக்கரைப் பெஞ்சில் மேனேஜரிடம் இதைச் சொல்லப் போகிறேன். அவர் சிரித்தால் சிரிக்கட்டும். அவர் வீட்டு மாடி டேங்கின் காற்றுக்குழாயைக் கடைசியாக எப்போது பார்த்தார் என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.